வேளை அறிந்து செல்க: இஸ்தான்புல் யாத்திரைக்குச் சில குறிப்புகள்

அயல்நாட்டுப் பிரயாணத்திற்குப் புறப்படுகிறவர்கள், அதிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாநகருக்குப் போகிறவர்கள், மூட்டை கட்டும்போது நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உடையைப் பற்றியும் உணவைப் பற்றியுமே இருக்கின்றன. பெண்கள் தெருவில் நடக்கையில் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டுமா, மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்று விசாரிப்பவர் பலர். அந்த ஊரில் எந்த வேளையில் எங்கே போகலாம், எந்த வேளையில் எங்கே போகலாகாது என்று விசாரிப்பவர் மிகச் சிலர். ஆயினும் இஸ்தான்புல் போன்ற ஒரு நகரத்தில் பிரயாணிக்கு நேரும் சங்கடங்களிலும், பிரயாணியால் அந்த ஊராருக்கு நேரும் சங்கடங்களிலும் பெரும்பகுதி வேளை அறியாமையால் விளைபவையே என்பது என் திடமான அபிப்பிராயம். உடையிலே குறை நேர்ந்தால் ஒரு சால்வையைக் கொண்டு சரிசெய்துவிடலாம். ஊரார் தொழுகைக்கு அணிவகுக்கும் தறுவாயில் பள்ளிவாசலின் நட்டநடுவே காமிராவும் கையுமாக நின்றுவிட்டால், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

கருங்கடலையும் மர்மராக் கடலையும் இணைத்து ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் பாஸ்பரஸ் நீரிணையின் இரு கரைகளிலும், ஐரோப்பாவில் ஒரு பகுதியும் ஆசியாவில் ஒரு பகுதியுமாகப் பரந்து கிடக்கும் அந்த நகரத்தில் இன்று ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். கி.பி. 330-ல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் தலைநகராகப் பிரதிஷ்டை செய்யப்பெற்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்தவ உலகத்தின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கி, 1453-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி, 21 வயதே ஆகியிருந்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் வசமாகி, அதன்பின் உதுமானியப் பேரரசின் சிம்மாசன நகரமாக ஏறத்தாழ நானூற்றெழுபது ஆண்டுகள் அரசோச்சியது அது. 1923-ல் துருக்கிக் குடியரசு பிறந்தபோது தலைநகர் அங்காராவுக்குப் போயிற்று. ஆனால் பெருமை இஸ்தான்புல்லை விட்டுப் போகவில்லை.

அந்தக் குடியரசு அரசாங்கத்தையும் மதத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைத்த குடியரசு என்பதைப் பிரயாணி நினைவிற் கொள்ள வேண்டும். 1928-ல் அரபு லிபியை விட்டு ரோமன் லிபிக்கு மாறிவிட்டார்கள். ஆகவே ஆங்கில எழுத்துத் தெரிந்த எவரும் கடைப்பெயரையும் ரயில் நிலையப் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். வார விடுமுறை அங்கே சனியும் ஞாயிறுமே. அரபு நாடுகளைப் போலிருக்கும் என்று எண்ணி வெள்ளிக்கிழமை விடுமுறையை எதிர்பார்த்துப் போனவர்கள், அன்று வங்கிகளும் அலுவலகங்களும் வழக்கம்போல் இயங்குவதைக் கண்டு வியப்பார்கள். தெருவிலே உடைக்குக் கட்டுப்பாடில்லை. தலையை முற்றிலும் மூடிய பெண்ணும், கூந்தலை விரித்துவிட்ட அவளுடைய தோழியும் கைகோத்துக்கொண்டு இஸ்திக்லால் வீதியில் போவதை எந்த மாலையிலும் காணலாம். ஃபாத்திஹ், எயூப் முதலிய பழைய பகுதிகளில் மட்டும் ஆணாயினும் பெண்ணாயினும் சற்று அடக்கமான உடையில் செல்வது அவ்விடத்து மக்களின் மனத்துக்கு இசைவாக இருக்கும். பெயோக்லுவிலும் காதிகோயிலும் அந்த யோசனை வேண்டுவதில்லை.

இனி வேளையைப் பற்றிச் சொல்கிறேன். வைகறை, நண்பகல், பிற்பகல், அந்தி, இரவு ஆகிய வேளைகளில் முறையே சுபுஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா என்று வரும் ஐவேளைத் தொழுகையும் கடிகாரத்தின் மணியைப் பற்றி நிற்பன அல்ல, சூரியனின் கதியைப் பற்றி நிற்பன என்பது தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பூமத்திய ரேகைக்கு அருகே வாழும் நமக்கு, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே அந்த நேரங்கள் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பது அநுபவத்தில் தெரியாது. இஸ்தான்புல்லில் ஜூன் மாதத்து மஃரிப், இரவு எட்டரை மணிக்கு மேல் வருகிறது. டிசம்பரிலோ மாலை ஆறு அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே போன வருஷம் கோடையில் சென்று வந்த நண்பர் கூறும் நேரத்தை நம்பி இந்த வருஷம் மார்கழியில் போகிறவர் ஏமாறுவார். அன்றைய நேரங்களைப் பள்ளிவாசல்களின் உள்ளே தொங்கும் மின்பலகையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பெரிய பள்ளிவாசல்களில் ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னும் பின்னுமாகச் சிறிது நேரம் பார்வையாளரை உள்ளே விடுவதில்லை. வெள்ளிக்கிழமையில் ஜும்ஆக் கூட்டுத் தொழுகையை முன்னிட்டு முற்பகலிலிருந்து பிற்பகல் இரண்டு, இரண்டரை மணி வரையில் கதவு அவர்களுக்கு அடைபட்டிருக்கும். வெள்ளி வேலை நாளாதலால், கடைக்காரரும் குமாஸ்தாவும் கூலியாளும் கிடைத்த இடைவேளையில் ஓடிவந்து, உள்ளே இடம் போதாமல் முற்றத்திலும் நடைபாதையிலும் விரிப்பை விரித்துத் தொழுவார்கள். அவர்களுக்கு முன்னால் குறுக்கே நடப்பது பெரும் பிழை. பின்புறமாகச் சுற்றிப் போக வழியிருந்தால் போகலாம், இல்லையேல் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

முதலாம் அஹ்மத் சுல்தானின் ஆணையால் 1609-ல் தொடங்கி 1616-ல் நிறைவெய்திய, ஆறு ஸ்தூபிகளுடைய சுல்தானஹ்மத் பள்ளிவாசல், உள்ளே பதித்த இஸ்னிக் ஓடுகளின் நீல நிறத்தால் உலகமெங்கும் நீலப் பள்ளிவாசல் என்று பேர்பெற்றது. அதன் வாயிலில் சற்று நின்று, உள்ளூர்க் கிழவர் ஒருவர் எவ்வாறு நுழைகிறார் என்று கவனிப்பதைவிட மேலான பாடம் எந்தக் கைப்புத்தகத்திலும் இல்லை. கனத்த தோல் திரைக்கு முன்னே நின்று, ஒரு காலின் செருப்பைக் கழற்றி, அந்தக் காலைச் செருப்பிட்ட தரையில் ஊன்றாமல் நேரே கம்பளத்தின் மேல் வைத்து, அதன்பின் மறு காலைக் கழற்றி, இரு செருப்பையும் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று பார்க்கச் சேர்த்து இடக்கையில் எடுத்துக்கொண்டு, திரையின் ஓரத்தை விலக்கி உள்ளே போவார். அந்தக் கம்பளத்திலே நெற்றியை வைத்துத் தொழப் போகிறார்கள். தெருப்புழுதி பட்ட எதுவும் அதன்மேல் படலாகாது. நம்மவர்களும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்தவர்களே யாதலால் இதில் புதுமை ஒன்றுமில்லை. செருப்பைக் கையில் எடுத்துப் போகும் வழக்கம் மட்டும் புதிது, அதற்கு ஒரு துணிப்பை வைத்திருப்பது நல்லது. குளிர்காலத்தில் முற்றத்துச் சலவைக்கல் உறைந்து கிடக்குமாதலால் சுத்தமான காலுறை அணிந்து போவது மரியாதைக்கும் உதவும், தேகத்துக்கும் உதவும்.

பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும். ஆண் பெண் இருபாலாரும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சல்வார் கமீஸும் அகன்ற துப்பட்டாவும் அணிந்து போகும் நம் பெண்களுக்கு வேறொன்றும் தேவையில்லை. புடவையில் போகிறவர்கள் இடுப்பும் கையும் தெரியாதபடி ஒரு நீண்ட சால்வையைப் போர்த்திக்கொண்டால் போதும். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே இரவல் துணி கொடுக்கிறார்கள். உள்ளே பார்வையாளருக்கென்று பிரித்துவிட்ட பகுதி உண்டு. மரத் தடுப்புக்கு அப்பாலுள்ளது தொழுவோருடைய இடம். தொழுகிறவருடைய முகத்துக்கு நேரே காமிராவைப் பிடிப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. மேலேயுள்ள குவிமாடத்தைப் படம் பிடியுங்கள், ஓடுகளைப் பிடியுங்கள், ஜன்னலின் வழியே விழும் வெளிச்சத்தைப் பிடியுங்கள். இறைவனோடு பேசிக்கொண்டிருக்கும் மனிதனை விட்டுவிடுங்கள்.

சுல்தானஹ்மத்துக்கு எதிரே நிற்கும் அயா சோஃபியாவுக்கு விதி சற்று வேறு. ஜஸ்டீனியன் சக்கரவர்த்திக்காக 532 முதல் 537 வரை ஐந்தே ஆண்டுகளில் ஆந்தேமியஸ், இஸிடோர் என்ற இரு சிற்ப வல்லுநர்கள் எழுப்பிய அந்த மாபெரும் தேவாலயம், 1453-ல் பள்ளிவாசலாகி, 1935-ல் அரும்பொருட்காட்சிச் சாலையாகி, 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசலாகிவிட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கீழ்த்தளம் தொழ வருவோருக்கு. சுற்றிப் பார்க்க வரும் அயல்நாட்டார் தனி வாயிலால் நுழைந்து, 25 யூரோ கட்டணம் செலுத்தி, மேல்மாடத்திலிருந்து பார்க்க வேண்டும். இந்த மாற்றங்களைப் பற்றி ஊராரிடையே பல கருத்துகள் உண்டு; விருந்தினராகப் போன நாம் அங்கே நின்று அதைத் தர்க்கம் செய்யாமலிருப்பதே அழகு. அந்த இரு பள்ளிவாசல்களின் மோதினார்களும் ஒருவர் ஒரு வாக்கியம் கூற, மற்றவர் அது முடியும்வரை காத்திருந்து அடுத்துக் கூறுவதாக மாறி மாறிப் பாங்கு சொல்வதுண்டு. இடையிலுள்ள சதுக்கத்தில் நின்று அதைக் கேட்கலாம். பாங்கு ஒலிக்கும்போது நடப்பதை நிறுத்த வேண்டும் என்ற நியதி இல்லை. உரக்கப் பேசுவதையும் பாட்டுப் போடுவதையும் மட்டும் நிறுத்திக்கொள்வது வழக்கம்.

பள்ளிவாசலின் முற்றத்தில் இன்னொரு காட்சியும் எதிர்ப்படக்கூடும். மேசை உயரமுள்ள ஒரு கல்லின்மேல், பச்சைத் துணி போர்த்திய ஒரு பெட்டி. அதைச் சுற்றிச் சிலர். அது ஜனாஸா. லுஹரோ அஸரோ முடிந்தபின் அங்கேயே பிரேதத் தொழுகை நடத்தி, மறைந்தவரை எவ்வாறு அறிந்திருந்தீர்கள் என்று இமாம் கூட்டத்தைக் கேட்பார். நல்லவராக அறிந்திருந்தோம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அவர் உங்களுக்குக் கடன்பட்ட உரிமை ஏதேனும் இருந்தால் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அடுத்து கேட்பார், விட்டுவிட்டோம் என்பார்கள். பிறகு பெட்டியைத் தோளுக்குத் தோள் மாற்றிச் சுமந்து செல்வார்கள். அறிமுகமில்லாதவரும் சில அடி தூரம் தோள் கொடுப்பது அங்கே புண்ணியமாகக் கருதப்படுகிறது. பிரயாணிக்கு இவ்விடத்தில் கடமை ஒன்றே: ஒதுங்கி நின்று, கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருஷத்தின் வேளைகளுள் முதன்மையானது ரமலான். அது ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முந்தி வருவதாதலால், புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் போவதைத் தவிர்க்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். சுல்தானஹ்மத்தின் ஸ்தூபிகளுக்கிடையே விளக்குகளால் எழுதிய வாசகங்கள் இரவெல்லாம் ஒளிர்வதும், மாலையானால் ரொட்டிக்கடைகளின் முன் அந்த மாதத்துக்கே உரிய வட்ட ரொட்டிக்காக நீண்ட வரிசை நிற்பதும், விடியுமுன் தெருத்தெருவாக மத்தளம் அடித்து, நோன்புக்கு முந்திய சஹர் உணவுக்கு எழுப்பிப் போவதும் வேறெந்த மாதத்திலும் காணக் கிடையாதவை. உணவகங்கள் பகலில் திறந்தே இருக்கும். நோன்பு வையாதவரும் அவ்வூரில் பலர். ஆயினும் நோன்பிருப்பவர் நிறைந்த டிராம் வண்டியிலும் பழைய பகுதிகளின் தெருக்களிலும் தின்றுகொண்டும் புகைத்துக்கொண்டும் போகாமலிருப்பது நல்லோர் ஒழுக்கம். மஃரிபுக்கு முந்திய ஒரு மணி நேரத்தில் ஊரே வீடு திரும்பும். டாக்ஸி கிடைக்காது, சாலைகள் அடைபட்டுக் கிடக்கும். அப்போது ஓர் உணவகத்தில் இடம் கிடைத்து அமர்ந்துவிட்டீர்களானால், சூடான சூப்பும் பேரீச்சம் பழமும் எதிரே வைக்கப்பட்டிருந்தும், அக்கம்பக்கத்து மேசைகளில் ஒருவரும் கரண்டியைத் தொடாமல் பாங்குக்காகக் காத்திருப்பதைக் காண்பீர்கள். நீங்களும் காத்திருங்கள். நோன்பைத் தொடர்ந்து வரும் மூன்று நாள் பெருநாளிலும், நான்கு நாள் ஹஜ்ஜுப் பெருநாளிலும், பின்னே சொல்லப்போகும் பெரிய அங்காடி அடைத்திருக்கும். பேருந்து, விமானச் சீட்டுகள் அரிதாகும்.

மதத்தைச் சாராத ஒரு வேளையும் உண்டு. குடியரசின் தந்தையான முஸ்தஃபா கெமால் அதாதுர்க் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி காலை 9 மணி 5 நிமிஷத்துக்குத் தொல்மாபாஹ்சே அரண்மனையில் உயிர் நீத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் அந்த நிமிஷத்தில் சங்கொலி எழும். கார்களை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார்கள், நீரிணையிலுள்ள கப்பல்கள் ஊதும், நடப்பவர் நடந்த இடத்திலேயே நிற்பர். அங்கிருக்க நேரும் அயலாரும் நின்றுவிட வேண்டும். அவரை இழிவுபடுத்திப் பேசுவது 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

கபாலி சார்ஷி என்று அவர்கள் சொல்லும் பெரிய அங்காடி, நகரைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் மெஹ்மத் சுல்தானே தொடங்கி வைத்தது; கூரை வேய்ந்த அறுபதுக்கு மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ 4,000 கடைகளும் கொண்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இங்கேயும் வேளை உண்டு. காலையில் கடை திறந்தவுடன் நடக்கும் முதல் வியாபாரத்தை அவர்கள் 'சிஃப்தா' என்கிறார்கள். நம் கடைவீதியில் போணி என்போமே, அதுவேதான். முதல் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தைக் கீழே போட்டு எடுத்தோ, தாடியில் தடவியோ, அபிவிருத்தி இறைவனிடமிருந்து வரட்டும் என்று சொல்லிப் பெட்டியில் போடும் வியாபாரிகள் இன்றும் இருக்கிறார்கள். போணியின் அருமை தெரிந்த தமிழர், வாங்கும் எண்ணமே இல்லாமல் காலை வேளையில் ஒரு கடைக்குள் நுழைந்து, அரைமணி நேரம் பேரம் பேசி, வெறுங்கையோடு வெளியேறமாட்டார்.

பேரம் பேசுவது அங்கே குற்றமல்ல. கம்பளம், தோல், நகை, விளக்கு ஆகியவற்றுக்கு எதிர்பார்க்கப்படுவதே. விலைச்சீட்டு ஒட்டிய கடைகளிலும் உணவகங்களிலும் அது பொருந்தாது. கூடவே வரும் தேநீரைக் குறித்துப் பலருக்குச் சந்தேகம். இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளையில், பால் கலவாமல், இரண்டு சர்க்கரைக் கட்டிகளோடு வரும் அந்தச் சாயை ஏற்றுக்கொள்வதால் பொருளை வாங்கியே தீரவேண்டிய கடப்பாடு ஒன்றும் ஏற்படுவதில்லை; அது கடைக்காரரின் உபசாரம். குவளை காலியானதும் மீண்டும் நிரப்புவார்கள். போதுமென்றால் கரண்டியைக் குவளையின் வாய்மேல் குறுக்கே வைத்துவிடலாம். கடப்பாடு ஏற்படுவது எங்கேயென்றால், நீங்களே ஒரு விலையைச் சொல்லி, அவர் அதற்கு இசைந்துவிட்ட பிறகு. அதன்பின் பின்வாங்குவது வாக்குத் தவறுவதாகும்.

பேச்சில் சில சமிக்ஞைகளும் உண்டு. புருவத்தை உயர்த்தி, முகவாயைச் சற்றே மேலே தூக்கி, நாக்கால் 'ச்சு' கொட்டினால் இல்லை என்பது பொருள். சலிப்போ அவமதிப்போ அதில் இல்லை. நாம் இருபக்கமும் தலையை ஆட்டிச் சம்மதம் தெரிவிப்பது அவர்களுக்கு விளங்காது; வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துப் பிரமாதம் என்று காட்டும் சைகை அங்கே வசைக்குச் சமானம், மறந்தும் செய்யலாகாது. மர்ஹபா என்று வணங்கலாம்; வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'கொலாய் கெல்சின்', வேலை சுலபமாகட்டும் என்று சொல்லிப் போனால் முகம் மலர்வார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றால், வயது முதிர்ந்தவர் எவரேனும் ராஜ் கபூரின் 'ஆவாரா' படத்தின் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. 1950-களில் துருக்கியைக் கவர்ந்த படம் அது. அதற்கும் முன்பே, 1912-ல் பால்கன் யுத்த காலத்தில் டாக்டர் அன்சாரியின் தலைமையில் இந்திய வைத்தியக் குழு ஒன்று அங்கே சென்று காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்ததுண்டு.

உணவு விஷயத்தில் மரக்கறியாளர் அஞ்ச வேண்டியதில்லை, கேட்டு உண்ண வேண்டும். மைசூர்ப் பருப்பில் செய்த மெர்ஜிமெக் சூப்பு எங்கும் கிடைக்கும். ஆனால் சில இடங்களில் இறைச்சிச் சாற்றில் காய்ச்சுவார்கள். பிலாவ் என்ற சோற்றையும் பல இடங்களில் கோழிச் சாற்றிலேயே வடிக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் வதக்கி ஆறவைத்துப் பரிமாறும் கத்தரிக்காய், பீன்ஸ், கூனைப்பூ வகைகளும், கீரையோ உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ உள்ளே வைத்துத் தோசைக்கல்லில் சுடும் கோஸ்லெமேயும், எள் தூவிய சிமித் வளையங்களும், உப்பிட்ட மோரான அய்ரானும் நம் வயிற்றுக்கு ஏற்றவை. உழைப்பாளிகள் உண்ணும் லோகாந்தாக்களில் சமைத்தவற்றைக் கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக வைத்திருப்பார்கள். விரலால் காட்டி வாங்கலாம். 'எத்' என்றால் இறைச்சி, 'எத்ஸிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது. மாட்டிறைச்சி உண்ணாதவர் 'தானா' என்ற சொல்லை நினைவில் வைத்து விலக்க வேண்டும். 'குஸு' ஆட்டுக்குட்டி, 'தாவுக்' கோழி. குழாய்த் தண்ணீரைக் குடிப்பது வழக்கமில்லை, புட்டித் தண்ணீர் மலிவு.

ரொட்டியிடம் அவர்கள் காட்டும் பக்தியைத் தனியே சொல்ல வேண்டும். கீழே விழுந்த ரொட்டித் துண்டை மிதித்துப் போகமாட்டார்கள். எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, பறவை தின்னட்டும் என்று மதிலின்மேல் வைப்பார்கள். சில ரொட்டிக்கடைகளில் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவோரைக் காணலாம்; எஞ்சிய ரொட்டி, இல்லாதவர் எவரேனும் வந்து கேட்டால் கொடுப்பதற்காக அங்கேயே நிற்கும். கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்குத் தெரியாது, பெற்றவர் யாரென்று கொடுத்தவருக்குத் தெரியாது. பிரயாணியும் இதில் பங்கு கொள்ளலாம், தடையில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்ததற்கு இதைவிட நல்ல கைம்மாறு எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு விருந்தாக அழைக்கப்பட்டால் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். வீட்டினர் உள்ளே அணியச் செருப்புத் தருவார்கள். வெறுங்கையோடு போகாமல் இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கிச் செல்ல வேண்டும். அமர்ந்ததும் கையை நீட்டச் சொல்லி எலுமிச்சை மணமுள்ள கொலோன்யா என்ற வாசனை நீரை ஊற்றுவார்கள். இரு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தி, தேய்த்து, முகத்தருகே கொண்டுபோய் முகர வேண்டும். குடும்பத்துப் பெரியவரின் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்வது இளையோர் வழக்கம். விருந்தினரும் செய்தால் மகிழ்வார்கள். பெண்களிடம் ஆண்கள் தாமாகக் கைகுலுக்க முந்தக் கூடாது. அவர் நீட்டினால் குலுக்கலாம்.

நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்சாரியின் அடக்கஸ்தலமான எயூப் சுல்தான், சுற்றுலாவுக்கான இடம் என்பதைவிட ஜியாரத்துக்கான, அதாவது அடக்கஸ்தலத்தைத் தரிசிப்பதற்கான, இடம் என்பதே பொருந்தும். சுன்னத்து வைக்கும் வயதுச் சிறுவர்களை வெண்பட்டும் மேலங்கியும் அணிவித்து ராஜகுமாரர்களைப்போல் அங்கே அழைத்து வருவார்கள். மெழுகுவத்தி ஏற்றுவதற்கும் துணி முடிவதற்கும் அங்கே அனுமதியில்லை. நாகூர் தர்கா வழக்கத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தெருவில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை சிலவே. செருப்புக்கு மெருகிடுபவர் ஒருவர் தெரியாமல் தூரிகையைக் கீழே போட்டதுபோல் போட்டுப் போவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கென்று செருப்பைத் துடைத்து, பிறகு பெருந்தொகை கேட்பார். டாக்ஸியில் மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்கு 112. ரயிலுக்கும் டிராமுக்கும் படகுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற ஒரே அட்டை போதும். விமானம் ஐரோப்பியக் கரையிலுள்ள புதிய நிலையத்துக்கா, ஆசியக் கரையிலுள்ள சபீஹா கோக்சென் நிலையத்துக்கா என்று சீட்டிலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றுக்குப் போனவர் விமானத்தைத் தவறவிடுவது நிச்சயம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்லும் வழி இது. முற்பகலில் சுலைமானியாவுக்குப் போக வேண்டும். மீமார் சினான் என்ற மகா சிற்பி 1550 முதல் 1557 வரை கட்டி முடித்த அந்தப் பள்ளிவாசலில், விளக்குகளின் புகை காற்றோட்டத்தால் இழுக்கப்பட்டு வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் கரியாகப் படியும்படி அமைத்து, அந்தக் கரியிலிருந்து எழுதும் மை செய்தார்கள். லுஹர்ப் பாங்கு கேட்டதும் வெளியே வந்து, எதிர்வரிசையிலுள்ள வெள்ளை அவரைக் கடைகளில், தொழுகை முடிந்து ஊரார் வந்து நிறையுமுன் இடம் பிடித்து, இறைச்சி சேராததாகக் கேட்டு வாங்கி உண்ண வேண்டும். அங்கிருந்து பெரிய அங்காடி நடந்து போகும் தூரமே. அஸருக்குப் பிறகு எமினோனுத் துறையில் படகேறி உஸ்குதாருக்குக் கடக்கலாம். படகில் தட்டு நிறைய சாய் ஏந்தி ஒருவர் வருவார், சிமித்தைப் பிய்த்து எறிந்தால் கடற்பறவைகள் வந்து கவ்வும். அக்கரையில் இறங்கியவுடன், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலுள்ள பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்கு, நீரிணையின் அடியில் சுரங்கம் அமைத்து 2013-ல் திறந்த மர்மராய் ரயில் இருக்கிறது. அதற்கும் இரவில் கடைசி வண்டி ஒன்று உண்டாதலால், அதன் நேரத்தையும் சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.